காரணம் கேட்காத வாக்குச்சீட்டு

2008 நவம்பர் 4 அன்று கலிபோர்னியா வாக்காளர்களின் கைக்கு வந்த வாக்குச்சீட்டு நீளமானது. அதிபர் தேர்தலோடு பன்னிரண்டு மாநிலத் தீர்மானங்களும் அதில் அச்சாகியிருந்தன. இரண்டாம் எண் தீர்மானம் பண்ணை விலங்குகளைப் பற்றியது. முட்டைக்கோழிகள் சிறகை விரிக்கவும் உடலைத் திருப்பவும் கூண்டில் இடம் வேண்டும் என்றது. 63 சதவீதத்தினர் சம்மதித்தார்கள். எட்டாம் எண் தீர்மானம், ஆணும் பெண்ணும் செய்துகொள்ளும் திருமணம் மட்டுமே செல்லும் என்று மாநில அரசமைப்புச் சட்டத்தில் எழுதச் சொன்னது. 52 சதவீதத்தினர் அதற்கும் சம்மதித்தார்கள். அமெரிக்கா தன் முதல் கறுப்பின அதிபரைத் தேர்ந்தெடுத்ததும் அதே இரவில்தான். தன்பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம்தான் தீர்ப்பளித்திருந்தது. அதை நம்பி ஜூன் முதல் நவம்பர் வரை ஏறக்குறைய 18,000 இணையர்கள் மணமுடித்திருந்தார்கள். கோழிகளுக்கு இடம் கிடைத்த மறுநாள் காலையில், இவர்களுடைய திருமணம் செல்லுமா என்று சொல்ல ஆளில்லை. ஆறு மாதம் கழித்து அதே நீதிமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது: மணமுடித்தவர்களுக்குச் செல்லும், இனி வருபவர்களுக்கு இல்லை. ஒரே தெருவில் இரண்டு ஜோடி. அக்டோபரில் பதிவு செய்தவர்கள் தம்பதி, டிசம்பர் வரை தள்ளிப்போட்டவர்கள் யாரோ இருவர்.

தன்பாலினத் திருமணத்தின் கதை பேசப்படும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீதிபதிகளா, மக்களா? 2014 நவம்பரில் ஓஹையோ உட்பட நான்கு மாநிலங்களின் தடைகள் செல்லும் என்று தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிபதி ஜெஃப்ரி சட்டனின் வாதம் இதுதான்: மாற்றம் வருமானால் அது மக்கள் வழியே வரட்டும். அடுத்த ஆண்டு ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டபோது, தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் மாறுபட்ட தீர்ப்பில் எழுதியதன் சாரமும் அதுவே. மக்களிடமிருந்து இந்த விவாதத்தைப் பறிப்பது, வெற்றி பெற்றவர்களுக்கே நல்லதல்ல என்றார். இது லேசான வாதம் அல்ல. ஆனால் கேள்வியே கோணலாகக் கேட்கப்படுகிறது என்பது என் எண்ணம். முடிவெடுப்பவர் யார் என்பதைவிட, முடிவெடுக்கும் இடத்தில் காரணம் சொல்லியாக வேண்டிய கட்டாயம் யாருக்காவது இருக்கிறதா என்பதுதான் பெரிய விஷயம். வாக்குச்சீட்டு எண்ணும், ஏன் என்று கேட்காது. நீதிமன்றம், ஒழுங்காக நடந்தால், ஏன் என்று கேட்கும். கடந்த முப்பதாண்டு வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால், முன்னுக்குப் பின் முரணாகத் தெரியும் பல முடிவுகள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன.

முதலில் நீதிமன்றத் தரப்புக்குப் பாதகமான சான்றுகளைப் பார்ப்போம். அவை நிறையவே இருக்கின்றன. 1993-இல் ஹவாய் உச்ச நீதிமன்றம், தன்பாலின இணையர்களுக்குத் திருமணத்தை மறுப்பது பாலினப் பாகுபாடாக இருக்கக்கூடும், மறுப்பதற்கு வலுவான காரணம் இருந்தால் அரசு காட்டட்டும் என்றது. அனுமதிகூட அல்ல, கேள்வி மட்டும்தான். அந்தக் கேள்விக்கே நாடு மிரண்டது. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மத்திய அரசு இத்தகைய திருமணங்களை ஏற்காது என்று சட்டம் இயற்றியது. பில் கிளிண்டன் கையெழுத்திட்டார். 1998-இல் ஹவாய் மக்கள், திருமணத்தை ஆண்-பெண் இணைக்கு மட்டும் என்று வரையறுக்கும் அதிகாரத்தைத் தங்கள் சட்டமன்றத்துக்குக் கொடுத்து நீதிமன்றத்தின் வாயை அடைத்தார்கள். 2003 நவம்பரில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் நாட்டிலேயே முதன்முறையாகத் திருமண உரிமையைக் கொடுத்தது. 2004-இல் மட்டும் 13 மாநிலங்கள் வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் அரசமைப்பில் தடையை எழுதிக்கொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கணக்கு முப்பதைத் தொட்டது. அரிசோனா மட்டும் 2006-இல் ஒருமுறை மாட்டேன் என்றது. இரண்டே ஆண்டில் அதுவும் வரிசையில் சேர்ந்துகொண்டது.

அயோவாவில் நடந்தது இன்னும் கடுமை. 2009 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் திருமண உரிமைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார்கள். அங்கே நீதிபதிகள் பதவியில் தொடரலாமா என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களிடம் வாக்கு கேட்கும் வழக்கம் உண்டு. 1962 முதல் நடந்துவந்த சடங்கு, உச்ச நீதிமன்ற நீதிபதி எவரும் அதில் தோற்றதில்லை. 2010 நவம்பரில் தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ் உட்பட மூவரின் முறை வந்தது. நீதிபதி மேடையேறி வாக்குக் கேட்பது அழகல்ல என்று மூவரும் பிரசாரம் செய்ய மறுத்தார்கள். மூவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அமெரிக்க அறிஞர்களில் ஒரு சாரார் இதைக் கொண்டுதான், சமூகத்தை முந்திக்கொண்டு ஓடும் நீதிமன்றம் உதவியதைவிட உபத்திரவமே அதிகம் என்கிறார்கள். எதிர்வினை நிஜம், மறுப்பதில் பொருளில்லை. ஆனால் தீர்ப்பு கிடைத்த மாநிலங்களுக்குள் அடுத்து என்ன நடந்தது என்பதை இவர்கள் வேகமாகக் கடந்துபோகிறார்கள். 2004 மே 17 பிறந்த நள்ளிரவில், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகர மன்றம் கதவைத் திறந்துவைத்து விண்ணப்பங்களை வாங்கியது. வெளியே கூட்டம், கைத்தட்டல். வானம் இடிந்து விழவில்லை. ஏறக்குறைய 1,70,000 பேர் கையெழுத்திட்டு, இந்த உரிமையைப் பறிக்கும் திருத்தத்தை மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்று கோரினார்கள். அதற்குச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் கூடிய அமர்வில் 50 வாக்குகள் போதும், அதாவது கால்வாசி. 2007 ஜூனில் விழுந்தவை 45. மூன்றாண்டுகளில் உறுப்பினர்கள் மனம் மாறக் காரணம் தத்துவம் அல்ல. தொகுதியில் மணமுடித்தவர்கள் குப்பை கொட்டவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் போய்வந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். அயோவாவிலும் மூன்று நீதிபதிகள் போனார்களே தவிர, திருமணம் போகவில்லை. 2012-இல் நான்காவது நீதிபதியின் முறை வந்தபோது அதே வாக்காளர்கள் அவரை இருத்திக்கொண்டார்கள்.

மீண்டும் கலிபோர்னியாவுக்கு. எட்டாம் தீர்மானத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து 8 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. தடை கேட்டவர்களின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், இளவரசன் இளவரசனை மணப்பதாகப் பள்ளியில் கதை படித்த சிறுமி, வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொல்வாள். அம்மாவின் முகம் மாறும். முப்பது நொடி. யாரும் அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஆம் என்று வாக்களித்த எழுபது லட்சம் பேரில் ஒருவர்கூட, குழந்தைக்கு என்ன கேடு என்று சொல்லியாக வேண்டிய தேவை இல்லை. பிறகு இதே தீர்மானம் சான் பிரான்சிஸ்கோவில் மத்திய மாவட்ட நீதிபதி வான் வாக்கரின் முன்னால் வழக்காக வந்தது. 2009 அக்டோபரில், விசாரணைக்கு முந்தைய அமர்வில், தன்பாலினத்தவர் மணந்துகொண்டால் ஆண்-பெண் திருமணங்களுக்கு என்ன பாதகம் என்று நீதிபதி கேட்டார். தடையை ஆதரித்து வாதிட்ட சார்லஸ் கூப்பர் அனுபவமும் மதிப்பும் மிக்க வழக்கறிஞர். அவர் சொன்ன பதில், தெரியாது என்பது.

2010 ஜனவரியில் விசாரணை நடந்தது. திருமண உரிமை கேட்டவர்கள் வரலாற்றாசிரியர்கள், உளவியலாளர்கள், பொருளியலாளர்கள் என்று வரிசையாகச் சாட்சிகளை நிறுத்தினார்கள். மறுதரப்பு தன் பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் இருவரை மட்டும் கூண்டில் ஏற்றியது. அவர்களில் ஒருவரான டேவிட் பிளாங்கன்ஹார்ன் குடும்ப அமைப்பு பற்றி எழுதிவந்தவர். குறுக்கு விசாரணையில், திருமண அனுமதி அந்த இணையர்களுக்கும் அவர்கள் வளர்க்கும் குழந்தைகளுக்கும் நன்மை தரக்கூடும் என்று அவரே ஒப்புக்கொண்டார். இரண்டாண்டு கழித்து, தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதாகப் பத்திரிகையிலும் எழுதினார். தெருமுனையில் இவரை யாராலும் மாற்றியிருக்க முடியாது. சத்தியம் செய்துகொண்டு, எதிராளியின் கேள்விக்குக் கேள்வி பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்ததால்தான் அவருடைய சொந்த வாதம் அவருக்கே கேட்டது. (விசாரணையை ஒளிபரப்ப உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது, நடவடிக்கைக் குறிப்புகளை வைத்து நாடகமே போட்டார்கள்.) எட்டாம் தீர்மானம் செல்லாது என்று வாக்கர் 2010 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். 2013-இல் மேல்முறையீடு செய்தவர்களுக்கு அதற்கான தகுதியே இல்லை என்ற நுட்பமான காரணத்தால் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

இதற்கிடையே வாக்குச்சீட்டும் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தது. மெய்ன் மாநிலத்தில் 2009-இல் சட்டமன்றம் சட்டம் இயற்றி, ஆளுநர் கையெழுத்திட்ட பிறகு, 53 சதவீத வாக்காளர்கள் அதை ரத்து செய்தார்கள். நீதிமன்றம் தலையிடாமல் மக்கள் பிரதிநிதிகளே செய்தால் எதிர்ப்பு வராது என்று சொன்னவர்களுக்கு அது நல்ல பதில். தோற்றவர்கள் வீடு வீடாகப் போனார்கள். வரிச்சலுகை, ஓய்வூதியம், சட்ட உரிமை என்ற பட்டியல் யாரையும் அசைக்கவில்லை என்பது அவர்களுக்குப் புரிந்தது. நீங்கள் ஏன் திருமணம் செய்துகொண்டீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் பேச்சு வேறு திசையில் போயிற்று. சலுகைக்காக மணந்தேன் என்று யாரும் சொல்வதில்லையே. 2012 நவம்பரில் அதே மெய்ன் வாக்காளர்கள் திருமண உரிமைக்கு வாக்களித்தார்கள். மேரிலாந்தும் வாஷிங்டன் மாநிலமும் அன்றே சேர்ந்துகொண்டன. மினசோட்டா தடைத் திருத்தத்தை நிராகரித்தது. வாக்கெடுப்பில் வென்றது என்று இதைக் குறிப்பது சரி. ஆனால் வாசற்படியில் நின்று ஏன் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்த உழைப்பு அதற்கு முன்னால் இருக்கிறது.

மக்கள் தீர்ப்பே இறுதி என்பவர்கள் ஒரு சங்கடத்தையும் எதிர்கொள்ள வேண்டும். எந்த மக்கள் தீர்ப்பு? 2009 மெய்னா, 2012 மெய்னா? ஹவாய் மக்கள் 1998-இல் எழுதியதை 2024-இல் அவர்களே நீக்கினார்கள். கலிபோர்னியா 2008-இல் எழுதியதை 2024 நவம்பரில் 60 சதவீதத்துக்கும் மேலானோர் அடித்தார்கள். ஸ்லோவேனியாவில் 2015 டிசம்பரில் 63 சதவீதத்துக்கும் மேலானோர் வேண்டாம் என்றார்கள். 2022-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் திருமண உரிமையை அறிவித்து, நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தியது. வாக்கெடுப்பு ஒரு நாளின் வெப்பநிலையைச் சொல்கிறது. பருவம் மாறும்வரை காத்திருங்கள் என்பது, வயதும் ஆரோக்கியமும் இருப்பவர்களிடம் மட்டுமே சொல்லக்கூடியது.

ஓஹையோவின் ஜிம் ஓபர்கஃபெல், ஜான் ஆர்தர் இருவருக்கும் அந்த வசதி இல்லை. இருபதாண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆர்தருக்கு நரம்புகளைத் தின்று தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய்; 2013 வாக்கில் படுத்த படுக்கை. ஓஹையோ மக்கள் 2004-இலேயே 60 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளால் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். 2013 ஜூலையில் நண்பர்களும் உறவினர்களும் பணம் திரட்ட, மருத்துவ வசதி கொண்ட சிறு விமானத்தில் இருவரும் சின்சினாட்டியிலிருந்து மேரிலாந்துக்குப் பறந்தார்கள். பால்டிமோர் விமான நிலையத்தின் ஓடுதளத்தில் விமானம் நின்றது, ஆர்தரை இறக்கவில்லை. படுக்கைக்குப் பக்கத்திலேயே அவருடைய அத்தை மணம் செய்துவைத்தார். கையைப் பிடித்து மோதிரம் போட்டு முடித்ததும் விமானம் திரும்பியது. சில நாட்களில் அல் ஜெர்ஹார்ட்ஸ்டைன் என்ற வழக்கறிஞர் அவர்கள் வீட்டுக்கு வந்து, ஓர் இறப்புச் சான்றிதழ்ப் படிவத்தை வெற்றாகக் கொண்டுவந்து காட்டினார். ஜான் இறந்தால், திருமண நிலை என்ற கட்டத்தில் மணமாகாதவர் என்று எழுதுவார்கள். உயிரோடிருக்கும் வாழ்க்கைத்துணை என்ற இடத்தில் ஒன்றும் இருக்காது. அதுவரை அவர்களுக்கு அது தோன்றியிருக்கவில்லை. அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் வழக்கு போட்டார்கள். அக்டோபரில் ஆர்தர் இறந்தார். நீதிபதி டிமதி பிளாக்கின் உத்தரவால் கட்டத்தில் ஜிம்மின் பெயர் ஏறியது. அடுத்த ஆண்டு சட்டனின் தீர்ப்பு வந்தபோது அது மீண்டும் அழிபடும் நிலைக்கு வந்தது. மாற்றம் மக்கள் வழியே வரட்டும் என்று சொல்லும்போது, ஒருவரின் இறப்புச் சான்றிதழை எத்தனை ஆண்டுகள் திறந்தே வைத்திருப்பது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் ஈடித் விண்ட்சரிடமும் இதே கணக்குதான்: 2007-இல் கனடாவில் மணந்த துணைவி இறந்ததும், மனைவி அல்ல, அந்நியர் என்று கருதி மத்திய அரசு விதித்த வாரிசுச் சொத்து வரி 3,63,053 டாலர். 1996 சட்டத்தின் முதுகெலும்பு 2013-இல் அவருடைய வழக்கில்தான் முறிந்தது.

என் வாதத்துக்கு நேர் எதிரானதாக அயர்லாந்தைக் காட்டுவார்கள். நியாயம்தான். அங்கே திருமண உரிமை கேட்டவர்கள் 2006-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2015 மே 22 அன்று மக்களிடம் வென்றார்கள், 62 சதவீதம். 43 தொகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் எதிர்த்து வாக்களித்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த இளைஞர்கள் கப்பலிலும் விமானத்திலும் ஊர் திரும்பி வாக்களித்தார்கள். தன்பாலுறவு 1993 வரை குற்றமாக இருந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி தளராத நாடு என்று நாம் நினைத்திருந்த நாடு. ஆனால் அந்த வாக்கெடுப்புக்கு இரண்டாண்டு முன் நடந்ததைப் பாருங்கள். அரசமைப்பு மாநாடு என்று ஒன்றைக் கூட்டினார்கள்: குலுக்கல் முறையில் தேர்ந்த 66 குடிமக்கள், 33 அரசியல்வாதிகள், ஒரு தலைவர். 2013 ஏப்ரலில் ஒரு வாரயிறுதி முழுவதும் மாலஹைட் நகர ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து, இரு தரப்பு நிபுணர்களையும் ஆயர்கள் தரப்பையும் தன்பாலின இணையர்கள் வளர்த்த பிள்ளைகளையும் கேட்டார்கள். 100 பேரில் 79 பேர் ஆம் என்றார்கள். நீதிமன்றம் என்று பெயர் வைக்கவில்லையே தவிர, அங்கும் காரணம் கேட்கப்பட்டது, சொல்ல வேண்டியிருந்தது, மறுகேள்வி இருந்தது. நாடு முழுவதும் வாக்களிக்கும்போது, பேச்சு பாதி முடிந்திருந்தது.

தைவானில் இந்த வரிசை தலைகீழ். சி சியா-வேய் என்பவர் 1980-களிலிருந்து தொடர்ந்து மனுப்போட்டுக்கொண்டிருந்தார். 2017 மே 24 அன்று அரசமைப்பு நீதிபதிகள் 748-ஆம் எண் விளக்கத்தை வெளியிட்டு, இரண்டாண்டுக்குள் சட்டம் இயற்றச் சொன்னார்கள். இயற்றாவிட்டால் இணையர்கள் நேரே பதிவு செய்துகொள்ளலாம் என்றும் சேர்த்தார்கள். இடையில் 2018 நவம்பரில் வாக்கெடுப்பு. குடிமைச் சட்டத்தில் திருமணம் என்பது ஆண்-பெண்ணுக்கு மட்டுமே என்று 70 சதவீதத்துக்கும் மேலானோர் வாக்களித்தார்கள். நீதிமன்றம் ஒரு பக்கம், மக்கள் மறுபக்கம். அரசு குடிமைச் சட்டத்தைத் தொடவில்லை, தனிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் தலைப்பில் திருமணம் என்ற சொல்லே கிடையாது. 748-ஆம் எண் விளக்கத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் என்று மட்டும் பெயர். இப்படிப் பெயரில்லாமல் பிறந்த சட்டத்தின் கீழ் 2019 மே 24 அன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட இணையர்கள் பதிவு செய்தார்கள். அரசு நடத்திய கருத்துக்கணிப்புகளில் 2018-இல் 37 சதவீதமாக இருந்த ஆதரவு அதன்பின் ஆண்டுதோறும் ஏறி, 2024-இல் 69 சதவீதத்தைத் தொட்டது. மக்களை மீறியதாகச் சொல்லப்பட்ட ஏற்பாட்டை, அதன் விளைவைப் பார்த்த பிறகு, மக்களே ஏற்றுக்கொண்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு வலுவான மறுப்பு வரும். நீதிமன்றம் கொடுத்ததை நீதிமன்றமே பறிக்கும் அல்லவா? 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமை ஐம்பதாண்டு கழித்து அப்படித்தான் போயிற்று. அன்றே நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தன்பாலினத் திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார். பயம் நியாயமானது. அந்த பயத்தில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் புதிய சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாநிலத்தில் செய்த திருமணத்தை மற்ற மாநிலங்களும் மத்திய அரசும் ஏற்றாக வேண்டும். செனட்டில் 61-36, குடியரசுக் கட்சியின் பன்னிருவர் ஆதரித்தார்கள். 1996-இல் கதவை மூடிய அதே அவை. காலப் அமைப்பின் கணிப்பில் அந்த ஆண்டு ஆதரவு 27 சதவீதம், 2023-இல் 71. நான் இதை நேர்க்கோட்டு ஏற்றமாகக் காட்ட மாட்டேன்: குடியரசுக் கட்சியினரிடையே 55 சதவீதத்தைத் தொட்ட ஆதரவு 2025-இல் 41-க்கு இறங்கியது. வாக்குச்சீட்டைப் போலவே தீர்ப்பும் நிரந்தரம் அல்ல. ஆனால் நீதிமன்றத்தில் பறிப்பதற்கும் காரணம் எழுதியாக வேண்டும். எழுதியதைப் படித்துக் கோபப்படவாவது முடியும். மதகுருமார்கள் தங்கள் நம்பிக்கைக்கு எதிராக மணம் செய்துவைக்கக் கட்டாயப்படுத்தப்படுவார்கள் என்ற இன்னொரு மறுப்புக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. எந்தத் தேவாலயமும் விவாகரத்தானவருக்கு மணம் செய்துவைத்தாக வேண்டியதில்லை. அதனால் அரசுப் பதிவேட்டில் மறுமணம் தடைபடவும் இல்லை. அந்த வேறுபாடு பழையது.

இன்னும் பழைய ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளையரும் கறுப்பரும் மணக்கத் தடை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல் ஒருமனதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு காலப் கேட்டபோது அத்தகைய திருமணத்தை ஏற்றவர்கள் 20 சதவீதம். அலபாமா தன் அரசமைப்பில் கிடந்த செத்துப்போன தடையை வாக்கெடுப்பு வைத்து நீக்கியது 2000-ஆம் ஆண்டில். அப்போதும் பத்தில் நால்வர் அது இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். மக்கள் வழியே வரட்டும் என்று அந்த இணையர்களிடம் சொல்லியிருந்தால், முப்பத்து மூன்று ஆண்டுகள்.

இந்தியாவில் பொதுவாக்கெடுப்பு என்ற கருவியே கிடையாது. அதனால் இந்தக் கேள்வி இங்கே வேறு உருவத்தில் வருகிறது. தலை எண்ணும் பழக்கம் மட்டும் நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருமுறை நுழைந்தது. 2013 டிசம்பரில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைக் காப்பாற்றிய உச்ச நீதிமன்றம், பாதிக்கப்படுகிறவர்கள் மக்கள்தொகையில் மிகச் சொற்பம் என்பதையும் ஒரு காரணமாக எழுதியது. உரிமைக்கு எண்ணிக்கை அளவுகோல் அல்ல என்று 2018 செப்டம்பரில் அதே நீதிமன்றம் திருத்திக்கொண்டது. 2023-இல் திருமண வழக்கு வந்தது. பத்து நாள் விசாரணை. இது நகரத்து மேட்டுக்குடியினரின் பார்வை என்று மத்திய அரசு மனுத் தாக்கல் செய்திருந்தது. நகரமும் மேட்டுக்குடியும் சார்ந்த விஷயமல்ல இது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் பக்கம் பக்கமாக எழுதினார். காரணம் கேட்கப்பட்டது, சொல்லப்பட்ட காரணம் தேறவில்லை. ஆனால் அக்டோபர் 17 அன்று வந்த முடிவு: திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சிறப்புத் திருமணச் சட்டத்தை நாங்கள் திருத்தி எழுத முடியாது, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அமர்வின் ஐந்து நீதிபதிகளும் இதில் உடன்பட்டார்கள். திருமணம் அல்லாத இணைவுக்காவது அங்கீகாரம் வேண்டும் என்ற சந்திரசூட், கௌல் இருவரின் கருத்து மூவர் பெரும்பான்மையிடம் தோற்றது. 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடி. நாடாளுமன்றத்தை மதிப்பதில் தவறில்லை. ஆனால் ஹவாய் நீதிமன்றம் 1993-இல் அரசைப் பார்த்துக் காரணம் காட்டு என்றது. தைவான் நீதிமன்றம் கெடு வைத்தது. நம் நீதிமன்றம், காட்டிய காரணம் தேறாதபோதும், கெடு எதுவும் வைக்காமல், அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைக்கும் உறுதிமொழியை வாங்கிக்கொண்டது. குழுவிடம் யாரும் குறுக்கு விசாரணை நடத்த முடியாது.

நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு, திருமணத்தின் வடிவம் இங்கேயே எப்படி மாறியது என்பது நினைவிருக்க வேண்டும். புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா கொண்டுவந்த சட்டம் அதைச் செல்லுபடியாக்கியது. இனி நடப்பவற்றை மட்டுமல்ல, முன்னால் நடந்து முடிந்தவற்றையும். பேரன் பேத்தி எடுத்தவர்கள் சட்டப்படி தம்பதி ஆனார்கள். நீதிமன்றம் மறுத்ததைச் சட்டமன்றம் கொடுத்த உதாரணம் அது. மறுதிசை உதாரணங்களும் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே உண்டு. 2019-இல் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. 2021-இல் தன்பாலின இணையரின் பாதுகாப்பு வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். நீதிபதி தன்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக்கொண்டது போன்ற காரியம். நான் படித்தவரை அபூர்வம். 2025 மேயில், குடும்பத்தாரால் அடைத்துவைக்கப்பட்ட பெண்ணுக்காக அவருடைய தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு எழுதியது. தேர்ந்துகொண்ட குடும்பம் என்பது சட்டத்தின் பேச்சுக்குள் வந்திருக்கிறது.

அமைச்சரவைச் செயலர் குழுவின் பெயரால் இதுவரை கிடைத்தவையும் உண்டு. ஒரே வீட்டில் வாழும் இணையர்கள் ஒரே குடும்ப அட்டையில் இடம்பெறலாம். 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம், இவர்கள் வங்கியில் கூட்டுக்கணக்கு தொடங்கவோ ஒருவரையொருவர் நாமினியாக நியமிக்கவோ தடை இல்லை என்று விளக்கம் அளித்தது. வங்கிக்குப் போனால் படிவத்தில் இரண்டு பெயர் எழுதலாம். ஒருவர் இறந்தால் மற்றவரிடம் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள்தான், உரிமையாளர் அல்ல. உயில் இல்லாவிட்டால் உரிமை சட்டப்படியான வாரிசுக்கே என்பது நம் நீதிமன்றங்களின் நிலைத்த கருத்து. வீட்டைவிட்டுத் துரத்திய அண்ணன் வாரிசுச் சான்றிதழோடு வந்து நிற்கலாம். முப்பதாண்டு உடனிருந்தவர் அவரிடம் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும்.